ஒண்ணாம் நம்பர் வண்டிக்குக் கொடுத்த லைன் கிளியர்

போன மாசம் ரெண்டு பேர் ராஜபாளையத்தில் என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ரெண்டு பேரும் இப்போது சர்வீஸில் இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர்கள். ரிட்டயர் ஆனவர்களின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு மலர் போடுகிறார்களாம். ஒருத்தர் தன் போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். தலை நிறைய முடியோடு நான் ஒரு மேடையில் நிற்கிறேன், பெரிய அதிகாரி ஒருத்தர் என் கையில் பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறார்.

"கேங் ஆளுக எட்டுப் பேரு உயிரைக் காப்பாத்துனதுக்குன்னு ஃபைல்ல இருக்கு சார். அதை எழுதுங்க. இப்ப வர்றவங்களுக்கு லைன் கிளியர்னா என்னன்னே தெரியாது. மவுஸைத் தட்டுனா சிக்னல் விழுது" என்றார்.

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து தூக்கம் சரியில்லை. எட்டுப் பேரைக் காப்பாற்றினேனா, இல்லை கொல்லப் பார்த்தேனா என்பதே எனக்கு இத்தனை வருஷமாகத் தெளியவில்லை. வீட்டுக்காரி சொல்கிறாள், "அந்தப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே பாத்து எழுதிக் குடுத்துருங்க. எதுக்குப் போட்டு மண்டையை ஒடைச்சுக்கிடுதீய?" அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் பத்திரத்தில் எழுதியிருப்பது நடந்ததா என்று எனக்குத் தெரியாதே, எப்படிப் பார்த்து எழுதுவது?

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்புத்தகத்தை உருப்போட்டேன், பரீட்சை எழுதினேன், தேறினேன். ஹாஸ்டல் சாம்பார் பற்றி எழுத ஆரம்பித்தால் மலர் முழுக்க எனக்கே வேண்டும். நேரே ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

மீட்டர் கேஜ் காலம். ஒற்றை லைன். ஸ்டேஷன் பேரை எழுதப்போவதில்லை. அகலப் பாதை வந்தபோது மூடி, கட்டிடத்தையும் இடித்துவிட்டார்கள். என்னுடையது ராஜபாளையம் பக்கம், அடுத்த ஸ்டேஷன் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். அவ்வளவு தெரிந்தால் போதும். அடுத்த ஸ்டேஷனில் இருந்தவர் பேர் சௌரிராஜன். பிறந்ததே வில்லிபுத்தூர்த் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில். நான் அவரைப் 'புத்தூரார்' என்பேன், அவர் என்னைப் 'பாளையத்தார்' என்பார். முதல் ரெண்டு வருஷம் அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. போனில் வருகிற குரல்தான் ஆள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரே தண்டவாளம் என்றால் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். அவரிடமிருந்து வண்டி கிளம்ப வேண்டுமானால் அவர் என்னைக் கேட்க வேண்டும்: "இன்ன வண்டிக்கு லைன் கிளியர் உண்டா?" நான் ரிஜிஸ்டரைப் பார்த்து, லைன் காலியாக இருந்தால் "உண்டு" என்பேன். ரெண்டு மெஷினிலும் மணி அடிக்கும், அவருடைய மெஷினிலிருந்து ஒரு இரும்புப் பந்து வெளியே வரும். அந்தப் பந்து டிரைவர் கைக்குப் போனால்தான் வண்டி நகரும். மெஷின் கெட்டுப்போன நாளில் பந்து கிடையாது. போனிலேயே லைன் கிளியர், டிரைவருக்குக் காகிதச் சீட்டு.

வாய்ப்பேச்சுக்கு என்ன அத்தாட்சி? அதற்குத்தான் பிரைவேட் நம்பர். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரிடமும் ஒரு தாள் இருக்கும். ரெண்டு இலக்க எண்களை வரிசையில்லாமல் கலைத்து அச்சடித்திருப்பார்கள். என் தாளில் அடுத்த எண் என்ன என்பது அவருக்குத் தெரியாது. லைன் கிளியர் கொடுக்கும்போது அடுத்த எண்ணை நான் சொல்ல வேண்டும், தாளில் அதைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், பக்கத்தில் வண்டி நம்பரை எழுத வேண்டும். ரெண்டு ஸ்டேஷன் ரிஜிஸ்டரிலும் அதே எண் இருந்தால் பேச்சு நடந்தது நிஜம். "இந்தத் தாளை சம்சாரத்துக்கிட்டகூடக் காட்டக் கூடாது" என்பார் எங்கள் டி.ஐ.

டி.ஐ. என்றால் டிராஃபிக் இன்ஸ்பெக்டர். எங்களுடையவர் தேவசகாயம். அவிய சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வந்தவுடன் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகுதான் மனுஷனைப் பார்ப்பார். ஸ்டேஷன் தண்ணீரைக் குடிக்க மாட்டார், கூஜாவில் கொண்டுவந்திருப்பார். ரிஜிஸ்டரை வாங்கி கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். ஏன் சார் என்று ஒருநாள் தைரியமாகக் கேட்டுவிட்டேன். "தப்புப் பண்ணுனவன் மேலேர்ந்து கீழ கதை கட்டுவான். கீழேர்ந்து படிச்சா கதை நிக்காது" என்றார். எதைச் சொன்னாலும் "சரி" என்பார். அந்தச் சரிக்கு நாங்கள் நடுங்குவோம்.

இனிமேல்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிற சங்கதி.

காலை பதினொரு மணி வண்டி போனால் அடுத்தது மூன்றரைக்கு. நடுவில் ஒரு வேலையும் கிடையாது. தூங்கவும் கூடாது. ஒருநாள் மத்தியானம் புத்தூரார் போன் பண்ணினார்.

"ஓய் பாளையத்தாரே, வெள்ளைக்காரன் கப்பல் நம்ம கரைக்கு வரவே இல்லைன்னு வச்சுக்கும். நீராவி எஞ்சினை மதுரையிலே ஒரு கொல்லன் கண்டுபிடிச்சான்னு வச்சுக்கும். ரயிலு எங்கேர்ந்து எதுவரைக்கும் போயிருக்கும்?"

"மதுரையிலேர்ந்து திருமங்கலம் வரைக்கும்" என்றேன்.

"அட, கிணத்துத் தவளையே! லண்டன் வரைக்கும் வே, லண்டன் வரைக்கும்!"

அங்கே பிடித்தது கிறுக்கு. குமரியில் ஆரம்பித்து, மதுரை, நாக்பூர், லாகூர், காபூல், டெஹ்ரான், இஸ்தான்புல், வியன்னா, பாரிஸ், அப்புறம் கடலுக்கடியில் குகை போட்டு லண்டன். எல்லாம் மதுரை ராஜ்ஜியத்தின் ரயில். எந்த ராஜா என்பதில் மூன்று நாள் சண்டை. பாண்டியன் என்றேன் நான். நாயக்கர் என்றார் அவர். கடைசியில் ராஜாவுக்குப் பேரே வேண்டாம், 'மகாராஜா' போதும் என்று சமாதானம் ஆனோம். லண்டனிலிருந்து குமரிக்கு வருகிற அரசு மெயிலுக்கு ஒண்ணாம் நம்பர். திரும்பிப் போகிறதுக்கு ரெண்டாம் நம்பர். உலகத்தையே சுற்றுகிற மெயில் எங்கள் ரெண்டு பொட்டல் ஸ்டேஷனிலும் கட்டாயம் நிற்கும். ஆண்டாள் மாலையை ஏற்ற வேண்டுமே என்பார் அவர். எங்க ஊர் மில் நூலு தானாவா பாரிஸுக்குப் போகும் என்பேன் நான்.

விளையாட்டுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தோம், அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அசல் ரிஜிஸ்டர் மாதிரியே கோடு போட்டது. பிரைவேட் நம்பருக்கு, தீர்ந்துபோன பழைய தாள். மத்தியானமானால் போன் அடிக்கும். "ஒண்ணுக்கு லைன் கிளியர் உண்டா?" "உண்டு, நம்பர் இத்தனை." சுத்தமான ஆபீஸ் குரலில்தான் கேட்பார். சிரித்தால் ஆட்டம் போச்சு என்பது சட்டம்.

உலகம் முழுக்க மதுரை நேரம் என்று உத்தரவு போட்டோம். இங்கே உச்சி வெயில் என்றால் லண்டன்காரன் விடிந்தும் விடியாததுமாக மத்தியானச் சோறு சாப்பிட வேண்டும். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு வருகிற வெள்ளைக்காரன் தமிழில் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். மழையில் நிற்க முடியவில்லை, குடை வேண்டும் என்று லண்டனிலிருந்து மனு வந்ததாகப் புத்தூரார் படித்தார். "மதுரையிலிருந்து உத்தரவு வரும்வரை நனையவும்" என்று நான் பதில் எழுதினேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், சட்டத்தை மீறி.

புத்தூரார் சாது. கொசுவை அடிக்க யோசிப்பார். அந்த மனுஷன் ஒரே மத்தியானத்தில் வியன்னாவில் நாற்பது கிளார்க்குகளை வேலையை விட்டு நீக்கினார். சத்தியமாக எனக்கும் அது ருசியாகத்தான் இருந்தது. பொய் அதிகாரம்தான். ஆனாலும் அதிகாரம் அல்லவா? மேலே இருக்கிற ஒவ்வொருத்தனிடமும் "சரி சார், சரி சார்" என்று வாழ்கிறவன் வாயில் அது தேனாய் இறங்கியது.

கொஞ்ச நாளில் எனக்கு எது வேலை, எது ஆட்டம் என்று எல்லை குழம்ப ஆரம்பித்தது. தென்காசி போக வந்த மில் தொழிலாளி ஒருத்தர், "வண்டி எங்க சார் வருது?" என்று கேட்டார். "காபூல்லயே நிக்கி" என்று சொல்லிவிட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தள்ளிப்போய் நின்றார். அப்போதாவது எனக்குச் சுருக்கென்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன்.

ஐப்பசி. முந்தின நாள் அடித்த மழையிலும் காற்றிலும் கம்பிகள் அறுந்து பந்து மெஷின் செத்துப்போச்சு. மதுரை கன்ட்ரோலோடு பேசுகிற போனும் செத்துப்போச்சு. கன்ட்ரோல்தான் எந்த வண்டி எப்போது வருகிறது என்று எல்லா ஸ்டேஷனுக்கும் சொல்லும். அது இல்லாவிட்டால் எங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. எனக்கும் புத்தூராருக்கும் நடுவே இருந்த ஒத்தை போன் மட்டும் கொரகொரவென்று உயிரோடு இருந்தது. ஆக அன்றைக்கு எல்லா வண்டிக்கும் காகிதச் சீட்டு, பிரைவேட் நம்பர். அப்படிப்பட்ட நாளில் நாங்கள் பெரும்பாலும் விளையாட மாட்டோம். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடிகிறது. உலகம் பூராவுக்கும் சட்டம் போட்டோமே, மெஷின் கெட்ட நாளில் விளையாடக் கூடாது என்று எங்களுக்கு நாங்கள் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் போன் அடித்தது.

"பாளையத்தாரே, ஒண்ணுக்கு லைன் கிளியர் உண்டா?"

"உண்டு. நம்பர் நாப்பத்தேழு."

"நாப்பத்தேழு. சரி."

அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிட்டார். இந்த மூன்று வரியை நான் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சில நாள் அவர் குரலில் அவசரம் இருந்த மாதிரித் தோன்றுகிறது. சில நாள் சிரிப்பை அடக்கின மாதிரித் தோன்றுகிறது. போன் கொரகொரத்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

கால் மணி நேரம் கழித்து கேங் மேட் பேச்சிமுத்து வந்தார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற ஆட்களுக்குக் கேங் என்று பேர். அவர்களுக்குத் தலைவர் மேட். வன்னியம்பட்டிக்காரர். என்னைவிட ரெண்டு மூன்று வயசு மூத்தவர். லைன் ஓரமாகவே நடந்து வந்திருந்தார், முழங்கால் வரை சகதி.

"சார், சிக்னலைத் தாண்டுனதும் புத்தூர்ப் பக்கம் ஒரு வளைவு இருக்குல்ல, அதுல ஒரு தண்டவாளம் மாத்தணும். மழையில ரொம்ப மோசமாயிருக்கு. ஏழு பேரையும் கடப்பாரையோட நிறுத்திட்டு வந்திருக்கேன். முக்கா மணி நேரம் குடுங்க, கழட்டி மாத்திருதேன்."

சட்டப்படி இதற்கு எழுத்து வேண்டும், அடுத்த ஸ்டேஷன் சம்மதம் வேண்டும், கன்ட்ரோல் உத்தரவு வேண்டும். நான் செய்து வந்தது வேறு. மத்தியானம் வண்டி இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரி, மூணு மணிக்குள்ள முடிச்சிரும்" என்று வாயால் சொல்லிவிடுவேன். எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இதை டி.ஐ.யிடம் சொன்னதில்லை, வீட்டில் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அன்றைக்கும் அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மேஜையில் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. கண் அதில் விழுந்தது. என் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது: வண்டி 1. பிரைவேட் நம்பர் 47. லைன் கிளியர் கொடுத்தாச்சு.

அசல் ரிஜிஸ்டர். ஆட்ட நோட்டு இல்லை. திடுக்கிட்டுப்போய் டிராயரைத் திறந்து தாளைப் பார்த்தேன். அசல் தாளில் நாற்பத்தேழு அடித்திருக்கிறது. அடப்பாவி, என்னடா செய்து வைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆட்ட வண்டியைக் கொண்டுபோய் சர்க்கார் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறேன். அதில் அழிக்கக் கூடாது, மேலெழுதக் கூடாது. ரத்து செய்ய வேண்டுமானால் புத்தூராரோடு பேசி இன்னொரு நம்பர் மாற்றிக்கொண்டு எழுத வேண்டும். போனைச் சுற்றினேன். மணி போகிறது, எடுக்க ஆளில்லை. மறுபடி சுற்றினேன். எடுக்கவில்லை.

"என்ன சார், குடுப்பீங்களா மாட்டீங்களா?"

"செத்த நேரம் பொறும். வண்டி இருக்கு."

"இந்நேரத்துல என்ன வண்டி?"

"இருக்குய்யா. சொன்னாக் கேளும்!"

இதைத்தான் பத்திரத்தில் 'விழிப்புணர்வு' என்று போட்டிருக்கிறார்கள். வண்டி வரும் என்று பயந்து நான் அவரைத் தடுக்கவில்லை. தேவசகாயத்துக்குப் பயந்து தடுத்தேன். முதலில் புத்தகத்தை நேராக்கிவிடுவோம், பிறகு இந்த ஆளை அனுப்புவோம் என்பதுதான் என் எண்ணம். பேச்சிமுத்து வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து, எனக்குக் கேட்கிற மாதிரியே முனங்கினார்: "தண்டவாளத்துல வண்டியைக் காணோம், புஸ்தகத்துல வருதாக்கும்."

கால் மணி நேரம் பொறுத்து மூன்றாவது தடவை போனைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே விசில் கேட்டது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து, நீளமாக.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அந்தச் சமயத்தில் ஒண்ணாம் நம்பர்தான் வருகிறது என்று எனக்குத் தோன்றியது. லண்டனிலிருந்து, பாரிஸ், காபூல் எல்லாம் தாண்டி. பயம் வரவில்லை, முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்னைப் பற்றிச் சந்தேகமாக இருக்கிறது. வண்டி சிக்னலுக்கு வெளியே நின்று மறுபடி மறுபடி விசில் அடிக்கிறது. நான் சிக்னல் இறக்கவே இல்லை. பேச்சிமுத்து ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கின பிறகுதான் போய் லீவரை இழுத்தேன்.

ஒரு எஞ்சின், பின்னால் எட்டுக் காலிப் பெட்டிகள். செங்கோட்டைக்குப் போகிற, அட்டவணையில் இல்லாத ஸ்பெஷல். கன்ட்ரோல் போன் செத்துப்போனதால் எனக்கு யாரும் சொல்லவில்லை. டிரைவர் கொடுத்த காகிதச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். புத்தூரார் கையெழுத்து. 'காலிப் பெட்டி ஸ்பெஷல். பிரைவேட் நம்பர் 47.'

பேச்சிமுத்து வண்டியைப் பார்த்தார், வந்த திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வளைவில் வண்டி பக்கத்தில் வருகிற வரைக்கும் தெரியாது. நான் மட்டும் "சரி" என்று சொல்லியிருந்தால் இந்நேரம் தண்டவாளத்தைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அவர் ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "ஒங்களை வாய்க்கு வந்தபடி வைஞ்சேனே சார். சாமி மாதிரி தடுத்தீங்களே" என்று அழுதார். நானும் அழுதேன். ரெண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்கு அழுதோம் என்பது அவருக்குத் தெரியாது.

செத்த நேரம் கழித்து புத்தூரார் போனுக்கு வந்தார். பிளாட்பாரத்தில் டிரைவருக்குச் சீட்டுக் கொடுத்து, வண்டியை அனுப்பி, சிக்னலைப் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"புத்தூராரே, ஒண்ணுன்னு கேட்டீரே..."

"வண்டி நல்லபடியா வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

"அப்பாடா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாருங்கள், ரெண்டு விதமாக நடந்திருக்கலாம். ஸ்பெஷலுக்குத்தான் லைன் கிளியர் கேட்டிருக்கிறார், வாய்ப் பழக்கத்தில் 'ஒண்ணு' என்று வந்துவிட்டது. அப்படியானால் நம்பர்ப் பிசகு, வேறொன்றுமில்லை. இல்லையென்றால், ஆட்டத்துக்குக் கேட்டிருக்கிறார். பிறகு ஸ்பெஷல் வந்து நின்றதும் தானும் அசல் புத்தகத்தில் எழுதிவிட்டிருந்த நாற்பத்தேழைப் பார்த்து, லைன் கிளியர் வாங்கியாச்சு என்று நினைத்து அனுப்பிவிட்டார். அப்படியானால் எட்டு உசிரும் தப்பினது வெறும் தற்செயல். முதலாவதற்குக் கண்டிப்பு. ரெண்டாவதற்கு வேலையே போகும். அவருக்கு அப்போது ரெண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள்.

சிக்னலில் வண்டி நின்றதால் விசாரணை வந்தது. தேவசகாயம் முதலில் புத்தூராரை விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார். கடிகாரம் பார்த்தார், கைக்கடிகாரம் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரிஜிஸ்டரைக் கீழிருந்து படித்துக்கொண்டே வந்து, ஒரு வரியில் பென்சிலை நிறுத்தினார்.

"ஒண்ணுன்னா என்ன வண்டி?"

"ஸ்பெஷலுக்கு நம்பர் தெரியலை சார். கன்ட்ரோல் இல்லை. தற்காலிகமா ஒண்ணுன்னு வச்சுக்கிட்டோம்."

"புத்தூர்லயும் இதையேதான் சொன்னாரு. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"இல்லை சார்."

அது மட்டும் சத்தியம். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னது பொய். அவர் சொன்னது பொய்யா, நிஜமா? நிஜமானால் நான் சொன்னதும் நிஜம்தானே? இதில்தான் நான் மாட்டிக்கொண்டு இன்னும் வெளியே வரவில்லை.

"லைன் கிளியர் குடுத்த வண்டிக்குச் சிக்னல் இறக்காத ஸ்டேஷன் மாஸ்டரை இப்பத்தான் பாக்கேன்" என்றார் டி.ஐ.

என்னைக் காப்பாற்றியது பேச்சிமுத்து. சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். "என்னோட மல்லுக்கட்டிட்டிருந்ததுல சாருக்குக் கவனம் தப்பிருச்சு. நான் அம்புட்டுச் சண்டை போட்டேன். வண்டி வருதுன்னு ஒரே பிடியா நின்னாரு. அவுக இல்லைன்னா நாங்க எட்டுப் பேரும் இல்லை" என்று கைகட்டிச் சொன்னார். தேவசகாயம் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். "சரி" என்றார். பென்சிலைப் பையில் செருகிவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"மத்தியானத்துல ரெண்டு பேரும் போன்ல என்னதான் பேசுவீங்க?"

"உலக விஷயம் சார்."

"கொறைச்சுக்கிடுங்க."

அன்று சாயங்காலமே நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அடுத்த மாசம் எனக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. புத்தூராரும் நானும் அப்புறம் விளையாடவில்லை. வேலைப் பேச்சு மட்டும்தான். ஆளுக்கொரு பக்கம் மாற்றலாகிப் போனோம்.

மலர்க்காரர்கள் வந்து போன பிறகு, பஸ் ஏறி வில்லிபுத்தூர் போனேன். புத்தூரார் மெலிந்துபோயிருந்தார். காபி கொடுத்தார்கள். பேரன் பேத்தி பேச்செல்லாம் முடிந்து, ஒருவழியாகக் கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு நீர் கேட்டது ஆட்டமா, நெசமா?"

அவர் கோபப்படவில்லை. "ஆண்டாள் சத்தியமா எனக்கே தெரியலை ஓய். சீட்டு எழுதினது ஞாபகம் இருக்கு. ஒம்மைக் கேட்டது ஞாபகம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஸ்பெஷல் எப்ப வந்துச்சு, முந்தியா பிந்தியா, அது மட்டும் இல்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "அதுசரி, நீர் குடுத்தது ஆட்டமா, நெசமா? அசல் தாளை எதுக்கு எடுத்தீர்?" என்று கேட்டார்.

அவரைக் கேட்க பஸ் ஏறிப் போனவன், என்னை நான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை. ஏதோ உள்ளூர உறுத்தித்தான் அசல் தாளை எடுத்தேனா? இல்லை, அந்த ராஜ்ஜியமே எனக்கு அசலாகிவிட்டிருந்ததா? தெரியவில்லை என்றுதான் சொன்னேன். பஸ் ஸ்டாண்ட் வரை அவர் கூடவே வந்தார். ரெண்டு பேரும் ரயிலைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

பேச்சிமுத்து ஒவ்வொரு வருஷமும் மாம்பழ சீசனில் என் வீட்டுக்கு வருவார். சொந்த மரத்துச் சப்பட்டை, ஒரு பை நிறைய. வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். "எம் பேரன் பேத்தி சோறு திங்கறது ஒங்களாலதான் சார்" என்பார். அந்தப் பழத்தை நான் ஒருநாளும் ருசித்துச் சாப்பிட்டதில்லை. இந்த வருஷம் அவர் வந்தபோது, இனிமேல் மறைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒண்ணாம் நம்பர், மகாராஜா, லண்டன் வரை தண்டவாளம், ஆட்ட நோட்டு, அசல் தாள், வாயால் கொடுக்கவிருந்த முக்கால் மணி நேரம், எல்லாவற்றையும். புத்தூரார் பேரைக்கூட விடவில்லை.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு, வையட்டும், கை நீட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"லண்டன் வரைக்கும் லைன் போட்டதா சொன்னீங்களே சார்" என்றார் கடைசியில். "அதுல கேங்கு யாரு?"

எனக்குப் புரியவில்லை. "என்ன கேங்கு?"

"தண்டவாளத்தைப் பாக்கதுக்கு. குமரியிலேர்ந்து லண்டன் வரைக்கும் எம்புட்டுத் தொலைவு! ஆளு போட்டிருப்பீகள்ல?"

யோசித்துப் பார்த்தேன். ஊருக்கு ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் போட்டோம். கன்ட்ரோலர் போட்டோம், கார்டு போட்டோம், கிளார்க்குகளைப் போட்டோம், நீக்கினோம். மந்திரிகூடப் போட்டோம்.

"யாரையும் போடலை, பேச்சிமுத்து."

"ஒருத்தரைக்கூடவா?"

"ஒருத்தரைக்கூட."

"அதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. "அதான் சார் மத்தியானமானா நாங்க நின்ன லைனும் ஒங்க ரெண்டு பேருக்கும் காலியாத் தெரிஞ்சிருக்கு."

எழுந்தார். வீட்டுக்காரி காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கித் தெருவில் நடந்தார். வாரேன் என்று சொல்லவில்லை.